ஐந்து நிலையான பொது ஐ.பி. முகவரிகள், ஒரே ரவுட்டர்: ஒவ்வொன்றையும் தனித்தனி சர்வருக்குக் கொடுப்பது எப்படி?

பின்னல்நகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு லீஸ்டு லைன் (நிறுவனத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட இணைய இணைப்பு) வந்திருக்கிறது. அதனுடன் எட்டு முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியையும் சேவை நிறுவனம் கொடுத்துள்ளது. உண்மையான எண்களைப் பொதுவில் எழுத விரும்பவில்லை என்பதால், எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசையிலிருந்து 203.0.113.40/29 என்று வைத்துக்கொள்கிறேன் (/29 என்பது தொகுதியின் அளவு; அந்த எண் கூடக்கூடத் தொகுதி சிறிதாகும், /32 என்றால் ஒரே முகவரி). 40 தொகுதியின் பெயருக்கும் 47 பிராட்காஸ்டுக்கும் போய்விடுகின்றன. 41 சேவை நிறுவனத்தின் கேட்வே, அதாவது வெளியுலகுக்கான வாசல். மீதமுள்ள 42 முதல் 46 வரையிலான ஐந்தும் எங்களுக்கு. சப்நெட் மாஸ்க் 255.255.255.248. இனி இறுதி எண்ணை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ரவுட்டர் மைக்ரோடிக் நிறுவனத்துடையது. அதன் வேன் போர்ட்டில் (வெளி லைனைச் செருகும் இடத்தில்) 42ஐ அமைத்திருக்கிறேன். ஊழியர்கள் அனைவருக்கும் இணையம் நன்றாகக் கிடைக்கிறது. நான் செய்ய விரும்புவது இதுதான்: 43ஐ மெயில் சர்வருக்கும் (உள்ளே 192.168.10.10), 44ஐ ஈ.ஆர்.பி. (நிறுவன நிர்வாக மென்பொருள்) சர்வருக்கும் (192.168.10.20), 45ஐ வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வற்புறுத்தி வைக்கச் சொன்ன வி.பி.என். (இரு அலுவலகங்களை மறையாக்கத்துடன் இணைக்கும்) கருவிக்கும் (192.168.10.30) கொடுக்க வேண்டும். 46ஐ விருந்தினர் வைஃபைக்கு மட்டும் ஒதுக்க எண்ணம். லைன் வந்த அன்று சோதனைக்காக வி.பி.என். கருவியை நேரடியாக லைனில் செருகி, 45ஐ அதிலேயே அமைத்துப் பார்த்தோம். அப்போது வேலை செய்தது.

இப்போது வெளியிலிருந்து 43, 44, 45 ஆகிய மூன்றையும் பிங் செய்தால் (சிறு சோதனைப் பாக்கெட் அனுப்பினால்) பதில் இல்லை. ரவுட்டர் விற்றவர், ஒரு ரவுட்டருக்கு ஒரு முகவரிதான், ஆகவே முன்னால் ஒரு ஸ்விட்சைப் போட்டு ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு சிறிய ரவுட்டரை வாங்குங்கள் என்கிறார். அது உண்மையிலேயே தேவையா?

வடவள்ளி எழுதியது:

தேவையில்லை. வீட்டு உபயோக ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் வேன் பக்கத்தில் ஒரே ஒரு முகவரியைத்தான் எழுத முடியும் என்பதால் அப்படி ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. உங்களிடம் இருப்பது அவ்வகை அல்ல.

ஆனால் ரவுட்டரில் எதையும் தொடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அந்த எட்டு முகவரிகளும் உங்கள் வாசலுக்கு எந்த வழியாக வந்து சேர்கின்றன? இதற்கு இரண்டு விடைகள்தாம் இருக்க முடியும். பிறகு நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு வரியும் அந்த விடையைப் பொறுத்தே அமையும்.

முதல் வகையில், தொகுதி முழுவதும் லைனின் மீதே விரிக்கப்பட்டிருக்கும். சேவை நிறுவனத்தின் ரவுட்டர் 41ஐ வைத்துக்கொண்டு, 43க்கு ஒரு பாக்கெட் வரும்போது, "43 யாரிடம் இருக்கிறது?" என்று லைனில் ஆர்ப் கேள்வி எழுப்பும். அதற்கு உங்கள் ரவுட்டர் தன் வன்பொருள் அடையாள எண்ணான மேக் முகவரியைச் சொல்லிப் பதில் தராவிட்டால் அந்தப் பாக்கெட் உங்களை வந்தடையவே அடையாது. இரண்டாம் வகையில், உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு சிறு இணைப்பு முகவரி (பெரும்பாலும் /30) தனியாக இருக்கும்; எட்டு முகவரிகளின் தொகுதி அந்த இணைப்பு முகவரியை நோக்கி ரூட் செய்யப்பட்டிருக்கும். இங்கே ஆர்ப் கேள்வியே எழாது. எட்டுக்கும் உரிய பாக்கெட்டுகள் யாரும் கேட்காமலேயே உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும்; அவற்றை நேட் (பாக்கெட்டில் உள்ள முகவரியை ரவுட்டர் மாற்றி எழுதும் முறை) மூலம் பயன்படுத்துவதானால் 40, 47 ஆகிய இரண்டையும்கூடச் சேர்த்து எட்டையும் பயன்படுத்தலாம்.

சேவை நிறுவனம் அனுப்பிய கடிதத்திலேயே குறிப்பு இருக்கும். "வேன் ஐ.பி." என்று ஒன்றும் "லேன் ஐ.பி. பூல்" என்று மற்றொன்றுமாக இரண்டு தொகுதிகள் எழுதியிருந்தால் அது ரூட் செய்யப்பட்ட வகை. உங்களுக்குக் கேட்வே தொகுதிக்குள்ளேயே இருப்பதால் முதல் வகை என்றே ஊகிக்கிறேன். எனினும் ஊகத்தை நம்ப வேண்டாம். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டா வழியாக 43ஐ பிங் செய்துகொண்டே, வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் மைக்ரோடிக்கின் பாக்கெட் ஸ்னிஃபரை வேன் போர்ட்டில் ஓட விடுங்கள். 43ஐத் தேடும் ஆர்ப் கேள்விகள் தெரிந்தால் முதல் வகை. பிங் பாக்கெட்டுகளே நேராக வந்து நின்றால் இரண்டாம் வகை. இரண்டுமே தெரியாவிட்டால் கோளாறு உங்களுக்கு அப்பால் இருக்கிறது.

கேபிள்காரன் எழுதியது:

முன்னால் ஸ்விட்ச் போடும் முறையை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. முதல் வகை இணைப்பாக இருந்தால், ஒரு சாதாரண ஸ்விட்சை வைத்து, வி.பி.என். கருவியை மட்டும் அதில் நேரடியாகச் செருகி 45ஐ அதனிடமே கொடுத்துவிடலாம். அது தானே ஒரு ஃபயர்வால். அதற்கு முன்னால் மற்றொரு ஃபயர்வாலும் நேட்டும் எதற்கு? வாடிக்கையாளரின் தொழில்நுட்பக் குழுவினர் தொலைபேசியில் கேள்வி கேட்கும்போதும், "எங்கள் கருவியில் பொது முகவரி நேரடியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு குறைந்துவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சில சேவை நிறுவனங்கள் ஒரு வாடிக்கையாளர் போர்ட்டில் ஒரே ஒரு மேக் முகவரியைத்தான் அனுமதிப்பார்கள். இரண்டாவது கருவி பேசத் தொடங்கியதும் போர்ட்டையே மூடிவிடும் அமைப்பும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஸ்விட்ச் முறை எடுபடாது. எல்லா முகவரிகளும் ஒரே ரவுட்டரின் மேக்கிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

பின்னல்நகர் எழுதியது:

ஸ்னிஃபரை ஓட்டிப் பார்த்தேன். 43, 44 இரண்டுக்கும் "யாரிடம் இருக்கிறது, 41க்குச் சொல்லவும்" என்ற கேள்விகள் தொடர்ந்து வருகின்றன. எங்கள் பக்கத்திலிருந்து பதில் போகவில்லை. ஆகவே முதல் வகை என்பது உறுதியாகிவிட்டது. வியப்பு என்னவென்றால், 45க்கு மட்டும் ஆர்ப் கேள்வியும் இல்லை, பிங்கும் இல்லை; எதுவுமே வரவில்லை.

மேக் கட்டுப்பாடு பற்றிச் சேவை நிறுவனத்தில் கேட்டேன். ஒரு போர்ட்டுக்கு ஒரு மேக் என்பதையே பரிந்துரைக்கிறோம் என்றார்கள். ஆகவே எல்லாவற்றையும் மைக்ரோடிக்கிலேயே முடித்துக்கொள்ள விரும்புகிறேன். அமைப்பை வரிசையாக விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

வடவள்ளி எழுதியது:

45ஐப் பற்றி இறுதியில் சொல்கிறேன்; அதன் காரணம் வேறு.

முகவரிகளிலிருந்து தொடங்குவோம். வேன் போர்ட்டில் 42 ஏற்கெனவே /29 என்ற மாஸ்குடன் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம். 43, 44, 45, 46 ஆகியவற்றை அதே போர்ட்டில் கூடுதல் முகவரிகளாக /32 என்ற மாஸ்குடன் சேருங்கள். எல்லாவற்றையும் /29 என்று எழுதினாலும் ஆர்ப் பதில் போகும். ஆனால் ஒரே வலையமைப்பு ஐந்து முறை பதிவாகி, ரவுட்டர் தானாக வெளியே பேசும்போது எந்த முகவரியை முகப்பாக எடுத்துக்கொள்ளும் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாமல் போய்விடும். மாஸ்கைத் தவறுதலாக 255.255.255.0 என்று எழுதிவிடும் வழக்கமும் பரவலாக உள்ளது. அதில் உள்ள தொல்லை, எல்லாமே வேலை செய்வதுபோல் தோன்றும் என்பதுதான், அதே 203.0.113 வரிசையில் இருக்கும் பிற வாடிக்கையாளர்களை மட்டும் அடைய முடியாது. அவர்கள் உங்கள் லைனிலேயே இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு ரவுட்டர் ஆர்ப் கேள்வி கேட்டுக் காத்திருக்கும்.

முகவரிகளைச் சேர்த்தவுடனேயே வெளியிலிருந்து 43ம் 44ம் பிங்குக்குப் பதில் தரத் தொடங்கும். பதில் தருவது ரவுட்டர்தான், சர்வர் அல்ல. ஆனால் பாக்கெட் வீடு வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அது போதும்.

அடுத்தது உள்ளே வரும் திசை. சேருமிட முகவரியை மாற்றும் டெஸ்டினேஷன் நேட் விதியில், சேருமிடம் 203.0.113.43 ஆக இருந்து, டி.சி.பி. போர்ட் (இது செருகும் போர்ட் அல்ல, சேவையைக் குறிக்கும் எண்) மெயிலுக்கான 25, 587, 993 ஆகியவற்றில் ஒன்றாகவும் இருந்தால் 192.168.10.10க்கு அனுப்பு என்று எழுதுங்கள். விதியை "வேன் போர்ட் வழியாக வந்தால்" என்று எழுதாமல் "சேருமிடம் இந்த முகவரியானால்" என்று எழுதுவது முக்கியம். ஐந்து முகவரிகளும் ஒரே வேன் போர்ட் வழியாகவே வருவதால், அதை மட்டும் வைத்துப் பிரிக்க முயன்றால் 44க்கு வரும் மெயில் இணைப்பும் 43இன் சர்வருக்கே போய்ச் சேரும்.

பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிடுவார்கள். வெளியே போகும் திசைதான் உண்மையில் தொல்லை தரும் பகுதி. வெளியிலிருந்து வந்த இணைப்புக்குச் சர்வர் தரும் பதில் சரியான முகவரியிலிருந்தே திரும்பும். ஏனென்றால் ரவுட்டரின் இணைப்புப் பட்டியல் அதை நினைவில் வைத்திருக்கும். ஆனால் மெயில் சர்வர் தானாகத் தொடங்கும் இணைப்பு, அதாவது நீங்கள் வெளியே அனுப்பும் ஒவ்வொரு மெயிலும், பொதுவான மாஸ்கரேடு விதியில் (உள்ளிருந்து போகும் எல்லாவற்றுக்கும் ரவுட்டரின் முகவரியை இடும் விதி) மாட்டி 42இலிருந்து போகும். எதிர்முனையில் இருப்பவர் 43ஐ எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே அனுப்புநர் முகவரியை மாற்றும் சோர்ஸ் நேட் பகுதியில், மாஸ்கரேடு விதிக்கு மேலே, 192.168.10.10இலிருந்து புறப்படுவது 43ஆகவும், 192.168.10.20இலிருந்து புறப்படுவது 44ஆகவும், 192.168.10.30இலிருந்து புறப்படுவது 45ஆகவும் வெளியேற வேண்டும் என மூன்று விதிகள் வேண்டும். விருந்தினர் வைஃபைக்குத் தனி வலையமைப்பு இருந்தால் அதற்கு 46 என்று நான்காவது விதி. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்துவதோடு வேலை முடிந்துவிடும். மாஸ்கரேடு மேலே இருந்தால் கீழே உள்ளவை எழுதியும் பயனில்லை.

மாஸ்கரேடையே எடுத்துவிட்டு, மீதமுள்ள அனைவருக்கும் 42 என்று நிலையான சோர்ஸ் நேட் விதி எழுதிவிடுவது இன்னும் நல்லது. மாறிக்கொண்டே இருக்கும் முகவரிக்காக வந்த வசதி மாஸ்கரேடு. உங்கள் முகவரி மாறப்போவதில்லை.

விதிகளை மாற்றிய பிறகும் பழைய முகவரியிலிருந்தே போகிறதே என்று திகைக்க வேண்டாம். நேட் விதிகள் ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டை மட்டுமே பார்க்கும்; ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் பழைய முடிவின்படியே தொடரும். இணைப்புப் பட்டியலில் அந்தச் சர்வரின் பதிவுகளை அழித்துவிட்டுச் சோதியுங்கள். வி.பி.என்., இணையத் தொலைபேசி போன்றவை இடைவிடாமல் ஏதாவது ஒரு பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருப்பதால் அவற்றின் பதிவு தானாகக் காலாவதியாகாது.

இப்போது 45. அதை ஒரு முறை வி.பி.என். கருவியில் நேரடியாக அமைத்தீர்கள் அல்லவா? சேவை நிறுவனத்தின் ரவுட்டர் அப்போது அந்தக் கருவியின் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டது. இப்போதும் அதே மேக்குக்கே பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. தெரிந்த முகவரி என்பதால் கேள்வி கேட்பதில்லை. அந்த மேக் உங்கள் ரவுட்டருடையது அல்ல என்பதால் உங்களுக்குக் கிடைப்பதுமில்லை. சிஸ்கோ ரவுட்டர்களில் ஆர்ப் பதிவின் இயல்பான ஆயுள் 4 மணி நேரம். சில இடங்களில் இன்னும் நீட்டியிருப்பார்கள். 1982இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 826 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின்படி, ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒரு முகவரி வேறு மேக்குடன் பேசினால் பதிவு திருத்தப்பட வேண்டும். லினக்ஸ் இயந்திரமாக இருந்தால் ஆர்பிங் கருவியால் அந்த அறிவிப்பை நாமே அனுப்பிவிடலாம். கையால் எழுதி நிலையாக வைத்த பதிவாக இருந்தால் அதுவும் பலிக்காது. உங்கள் நிலையில் ஒரு தொலைபேசி அழைப்பே எளிது: "45க்கான ஆர்ப் பதிவை அழித்துவிடுங்கள்" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். "நெட் வரவில்லை" என்று கேட்டால் லைனைச் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துவிடுவார்கள்.

யாழ்வலை எழுதியது:

வடவள்ளி அவர்களின் விளக்கத்தோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். மைக்ரோடிக்கில் தொழிற்சாலை அமைப்பாக வரும் ஃபயர்வாலில், வெளியிலிருந்து உள்ளே கடக்க முயலும் புதிய இணைப்புகளைத் தடுக்கும் இறுதி விதி, "டெஸ்டினேஷன் நேட் செய்யப்படாதவற்றைத் தடு" என்றே எழுதப்பட்டிருக்கிறது. அதாவது நேட் விதி எழுதிவிட்டாலே அது அனுமதியாகவும் ஆகிவிடும். போர்ட்டுகளைக் குறிப்பிட்டு எழுதும்வரை அதில் தவறில்லை. ஆனால் "44க்கு வருவதெல்லாம் 192.168.10.20க்கு" என்று ஒன்றுக்கு ஒன்றாக எழுதிவிட்டால், அந்த ஈ.ஆர்.பி. சர்வரின் டேட்டாபேஸ் போர்ட், ரிமோட் டெஸ்க்டாப் போர்ட் 3389 உட்பட அனைத்தும் உலகத்துக்குத் திறந்துவிடும். எந்த எச்சரிக்கையும் திரையில் தோன்றாது. எல்லாம் சரியாக ஓடுவதாகவே தெரியும்.

ஒன்றுக்கு ஒன்று முறைதான் வேண்டுமென்றால், ரவுட்டரைக் கடந்து செல்லும் பாக்கெட்டுகளுக்கான, ஃபயர்வாலின் ஃபார்வர்டு பகுதியில் அந்தச் சர்வருக்கு எந்தெந்தப் போர்ட் என்று அனுமதித்து, எஞ்சியதைத் தடுக்கும் விதிகளை முதலில் எழுதிவிட்டு, பிறகு நேட் விதியை எழுதுங்கள். அந்த ஃபார்வர்டு விதிகளில் 203.0.113.44 என்று எழுதிப் பயனில்லை. பாக்கெட் அந்தக் கட்டத்துக்கு வரும் முன்பே சேருமிடம் மாற்றப்பட்டுவிடுவதால் 192.168.10.20 என்றுதான் எழுத வேண்டும். பி.எஃப்.சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளிலும் இதே ஒழுங்குதான்: அங்கே கூடுதல் முகவரிகளை "விர்ச்சுவல் ஐ.பி." என்ற பக்கத்தில் சேர்த்து, 1:1 நேட் எழுதினாலும், வேன் பக்கத்து விதிகளில் உள்முகவரியையே குறிப்பிட வேண்டும். ஆனால் அங்கே 1:1 நேட் எழுதுவது மட்டும் எதையும் திறந்துவிடாது. அனுமதி விதி எழுதினால்தான் கதவு திறக்கும்.

இன்னொன்று: உங்கள் ஊழியர்கள் அலுவலகத்துக்குள் இருந்துகொண்டே ஈ.ஆர்.பி.யை அதன் பொதுப் பெயரால் திறக்க முயல்வார்கள். பெயர் 44ஐக் காட்டும்; ரவுட்டர் அதை 192.168.10.20க்குத் திருப்பும், சர்வரோ, கேட்டவர் 192.168.10.55 என்ற பக்கத்து இருக்கைக்காரர் என்று கண்டு, ரவுட்டரைத் தொடாமல் நேரடியாகப் பதில் அனுப்பிவிடும். 44இலிருந்து பதிலை எதிர்பார்த்திருக்கும் கணினி, அறிமுகமில்லாத ஒருவரிடமிருந்து வந்த அந்தப் பதிலைத் தூக்கி எறியும். வெளியே திறக்கிறது, உள்ளே திறக்கவில்லை என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது. ஹேர்பின் நேட் விதி ஒன்றைப் போட்டு அனுப்புநரையும் மாற்றலாம். ஆனால் சர்வரின் பதிவேட்டில் எல்லா ஊழியர்களும் ரவுட்டரின் முகவரியிலேயே தெரிவார்கள். உள் டி.என்.எஸ்.இல் (பெயரை முகவரியாக மாற்றும் சேவையில்) அந்தப் பெயருக்கு 192.168.10.20 என்றே பதில் தருவது அதைவிடச் சுத்தம். எல்லாவற்றையும்விடச் சிறந்தது, சர்வர்களை ஊழியர்களின் வலையமைப்பிலிருந்து பிரித்துத் தனி வி-லேனில் (அதே கருவிகளிலேயே பிரித்தமைத்த தனி வலையமைப்பில்) வைப்பது. பதில் ரவுட்டர் வழியாகவே திரும்ப வேண்டியிருப்பதால் இந்தச் சிக்கல் எழவே எழாது.

பின்னல்நகர் எழுதியது:

மிக்க நன்றி. 43ம் 44ம் இயங்குகின்றன. சேவை நிறுவனத்தில் ஆர்ப் பதிவை அழிக்கச் சொன்ன சிறிது நேரத்தில் 45க்கான கேள்விகளும் ஸ்னிஃபரில் தெரிந்து, ரவுட்டர் பதில் தரத் தொடங்கிவிட்டது. யாழ்வலை அவர்கள் சொன்னபடி ஈ.ஆர்.பி.க்கு 443 ஒன்றை மட்டும் திறந்திருக்கிறேன். சர்வர்களைத் தனி வி-லேனுக்கு நகர்த்தும் வேலை மாத இறுதி ஷிப்மென்ட் நெருக்கடி முடிந்த பிறகுதான்.

இரண்டு பிரச்சினைகள் மீதமுள்ளன. மெயில் 43இலிருந்தே வெளியேறுகிறது. ஆனால் சில இடங்களில் நிராகரிக்கப்படுகிறது. வி.பி.என். கருவியின் முதல் கட்டப் பேச்சு தொடங்கி, அடையாளம் பொருந்தவில்லை என்ற செய்தியுடன் நின்றுவிடுகிறது.

நெறிமுறை எழுதியது:

மெயிலுக்கு: 43இன் தலைகீழ் டி.என்.எஸ். பதிவைப் பாருங்கள். mail என்று தொடங்கும் உங்கள் சர்வரின் பெயரை முகவரியாக மாற்றும் பதிவு உங்கள் டொமைன் பக்கத்தில் இருக்கும். ஆனால் முகவரியைப் பெயராக மாற்றும் பி.டி.ஆர். பதிவு முகவரியின் உரிமையாளரான சேவை நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி, 43க்கு உங்கள் மெயில் சர்வரின் பெயரைப் போடச் சொல்ல வேண்டும். பெயர் முகவரிக்கும், முகவரி அதே பெயருக்கும் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் போதாது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு மெயில் அனுப்பும் எவருக்கும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, எஸ்.பி.எஃப். (எந்த முகவரிகள் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற பதிவு) அல்லது டி.கிம் (மெயிலில் இடும் மின்கையொப்பம்) ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. எஸ்.பி.எஃப். பதிவில் 43 மட்டும் இருக்கட்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று தொகுதி முழுவதையும் எழுதினால், விருந்தினர் வைஃபையிலிருந்து வரும் குப்பை மெயிலுக்கும் நீங்களே சான்றிதழ் கொடுத்ததாகும்.

தொகுதி முழுவதின் பி.டி.ஆர். பதிவுகளையும் உங்கள் டி.என்.எஸ். சர்வருக்கே ஒப்படைக்கும்படி கேட்கவும் வழியுண்டு. 256 முகவரிகளுக்குக் குறைந்த தொகுதிகளை அவ்வாறு பிரித்துக் கொடுக்கும் முறையை 1998இல் வந்த ஆர்.எஃப்.சி. 2317 வகுத்திருக்கிறது. ஐந்து முகவரிக்கு அது அளவுக்கு மீறியது. ஒரு மின்னஞ்சலே போதும்.

வி.பி.என்.க்கு: கருவி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது தனக்குத் தெரிந்த முகவரியான 192.168.10.30ஐச் சொல்கிறது. எதிர்முனையோ 203.0.113.45ஐ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முகவரியை ரவுட்டர் மாற்றுமே தவிர, மறையாக்கம் செய்யப்பட்ட அறிமுக வாசகத்துக்குள் கைவைக்க முடியாது. கருவியின் அமைப்பில் "லோக்கல் ஐடென்டிட்டி" என்ற இடத்தில் 203.0.113.45 என்று கையால் எழுதுங்கள். இரு முனைகளிலும், நேட் வழியாக வி.பி.என். செல்ல உதவும் நேட்-டி வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும், ரவுட்டரில் யு.டி.பி. 500, 4500 இரண்டும் 45இலிருந்து கருவிக்குச் சென்றால் போதும். நேட் இருப்பதை இரு முனைகளும் கண்டுகொண்ட பிறகு போக்குவரத்து முழுவதும் 4500க்குள் அடங்கிவிடும்.

கேபிள்காரன் எழுதியது:

இதற்காகத்தான் அந்தக் கருவியை நேரடியாகச் செருகலாம் என்றேன். ஆனால் ஒரு மேக் கட்டுப்பாடு இருக்கும்போது வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. இந்த ஐந்தும் உண்மையில் தேவைதானா? ஈ.ஆர்.பி. போல இன்னும் நான்கு வலைத்தளங்கள் வந்தாலும் அவற்றுக்கு நான்கு முகவரிகள் வேண்டியதில்லை. உலாவி தான் தேடிவந்த தளத்தின் பெயரை இணைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடும் எஸ்.என்.ஐ. முறை 2003ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 3546 முதலே இருக்கிறது. இணைப்புகளைப் பிரித்தனுப்பும் மென்பொருளான என்ஜின்எக்ஸ் அல்லது ஹெச்.ஏ.பிராக்ஸி ஒன்றை முன்னால் நிறுத்தினால் ஒரே முகவரியின் 443 போர்ட்டில் எத்தனை தளங்களை வேண்டுமானாலும் பிரித்து அனுப்பலாம். ஆசிய-பசிபிக் பகுதிக்குப் பொறுப்பான ஏப்னிக் தன் கடைசித் தொகுதியில் கைவைத்தது 2011 ஏப்ரலில். அதன் பிறகு ஒவ்வொரு முகவரிக்கும் மாதக் கட்டணம் பேசுகிறார்கள். தேவையில்லாமல் வாங்கி வைப்பானேன்?

வடவள்ளி எழுதியது:

வலைத்தளங்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. பின்னல்நகர் அவர்களின் பட்டியலில் தனி முகவரிக்கு உண்மையான காரணம் உள்ளவை மூன்று. மெயில்: அதன் நற்பெயர் முகவரியோடு ஒட்டியிருப்பதால், ஊழியர் ஒருவரின் கணினியில் நுழைந்த வைரஸ் 42ஐக் கறுப்புப் பட்டியலில் ஏற்றினாலும் 43 தப்பிக்க வேண்டும். வி.பி.என்.: 500, 4500 ஆகிய போர்ட்டுகளை ரவுட்டர் தன் சொந்த வி.பி.என்.க்கும் பயன்படுத்த வேண்டியிருக்கும். ஒரே முகவரியில் இரண்டு பேருக்கு அவற்றைக் கொடுக்க முடியாது. விருந்தினர் வைஃபை: யார் எதைத் திறந்தார்கள் என்று காவல் துறையிலிருந்து கடிதம் வந்தால், அலுவலகப் போக்குவரத்தோடு கலக்காமல் காட்ட முடியும். ஈ.ஆர்.பி. மட்டும் 42உடன் சேர்ந்து வாழலாம். ஆனால் /29க்குக் கீழே போனால் /30தான். அதில் கேட்வே போக ஒரே ஒரு முகவரியே மிஞ்சும். ஆகவே மூன்று வேண்டுமென்றாலும் இந்தத் தொகுதியைத்தான் வாங்கியாக வேண்டும்.

யாழ்வலை எழுதியது:

இந்த இழையைத் தேடி வருபவர்களில் பலருக்கு இரண்டாம் வகை இணைப்பு இருக்கக்கூடும் என்பதால் ஒரு குறிப்பு. எங்கள் அலுவலகத்தில் பி.பி.பி.ஓ.ஈ. (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வழியாக ஒரு முகவரியும், அதை நோக்கி ரூட் செய்யப்பட்ட /29 ஒன்றும் கிடைக்கின்றன. அந்தத் தொகுதியை வேன் போர்ட்டில் எழுத வேண்டிய அவசியமே இல்லை. நேட் விதிகளில் மட்டும் குறிப்பிட்டால் போதும். அல்லது தொகுதியின் ஒரு முகவரியை ரவுட்டரின் உள் போர்ட் ஒன்றில் அமைத்து, சர்வர்களுக்குப் பொது முகவரிகளை நேரடியாகவே கொடுத்து, நேட்டையே விட்டுவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம்; வி.பி.என். அடையாளச் சிக்கலும் ஹேர்பின் சிக்கலும் எங்களுக்கு இல்லை. இணைப்பு எந்த வகை என்பதில் பேரம் பேச வாய்ப்பிருந்தால் ரூட் செய்யப்பட்டதையே கேட்டு வாங்குங்கள்.

ஆனால் நேட் விதிகளில் மட்டும் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொகுதியில் எந்த விதியும் இல்லாத ஒரு முகவரிக்கு வெளியிலிருந்து பாக்கெட் வந்தால், உங்கள் ரவுட்டர் அதைத் தனக்குரியதல்ல என்று கருதி, டிஃபால்ட் ரூட்டின்படி சேவை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பும். அவர்கள் மறுபடி உங்களிடம் அனுப்புவார்கள். டி.டி.எல். எண் (இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்ற எண்ணிக்கை) தீரும்வரை ஒரே பாக்கெட் லைனில் பல முறை ஊஞ்சலாடும். யாராவது வேண்டுமென்றே அப்படி அனுப்பினால் லைனையே அடைத்துவிடலாம். தொகுதி முழுவதற்கும், வந்ததை அப்படியே கைவிடும் ஒரு பிளாக்ஹோல் ரூட் எழுதிவிட்டால் அங்கேயே முடிந்துவிடும். பயன்பாட்டில் உள்ள முகவரிகளின் நேட் அதற்கு முன்பே நிகழ்ந்துவிடுவதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை.

பின்னல்நகர் எழுதியது:

வி.பி.என். அடையாளத்தை மாற்றியதும் இணைந்துவிட்டது. பி.டி.ஆர். பதிவுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். விருந்தினர் வைஃபையும் 46இலிருந்து வெளியேறுகிறது.

நிர்வாகத்தில் இப்போது இன்னொரு கேள்வி கேட்கிறார்கள். இந்த லைன் அறுந்தால் பயன்படுத்திக்கொள்ள வேறொரு நிறுவனத்தின் பிராட்பேண்ட் இணைப்பும் இருக்கிறது. அப்போது இதே 43ஐயும் 44ஐயும் அந்த இணைப்பு வழியாக வரவழைக்க முடியுமா?

வடவள்ளி எழுதியது:

முடியாது. அந்த முகவரிகள் முதல் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. உலகம் அவற்றை அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் தேடிவரும். இரண்டு நிறுவனங்கள் வழியாகவும் ஒரே முகவரி வரவேண்டுமென்றால் சொந்தத் தொகுதியும், தன்னாட்சி வலையமைப்பு எண்ணும், வழிகளைப் பிற வலையமைப்புகளுக்கு அறிவிக்கும் பி.ஜி.பி. நெறிமுறையும் வேண்டும், /24க்குச் சிறிய தொகுதி அறிவிப்புகளைப் பெரும்பாலான வலையமைப்புகள் ஏற்பதில்லை. அதற்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் இந்தியாவில் முகவரிகளை ஒதுக்கும் அமைப்பான ஐரின்; ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் அளவுக்கு இப்படிச் செய்யலாம். ஊழியர்களின் இணையம் மட்டும் தானாக இரண்டாவது லைனுக்கு மாறட்டும். அதற்கென அந்தப் போர்ட்டுக்கு மட்டும் ஒரு மாஸ்கரேடு விதி வைத்துக்கொள்ளுங்கள். 42 முதல் 46 வரையிலான சோர்ஸ் நேட் விதிகளில் வெளியேறும் போர்ட் முதல் லைனின் போர்ட்தான் என்று தவறாமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் 43 என்ற முகப்போடு இரண்டாவது லைனில் பாக்கெட்டுகள் புறப்படும், அந்த நிறுவனம் தனதல்லாத முகவரி என்று அவற்றை அங்கேயே போட்டுவிடும். மெயிலைப் பொறுத்தவரை, சில மணி நேரம் லைன் இல்லாவிட்டாலும் அனுப்புபவரின் சர்வர் வரிசையில் வைத்து மறுபடி முயலும். அவசரமானால் ஈ.ஆர்.பி.யின் பெயரை மட்டும் இரண்டாவது லைனின் முகவரிக்கு மாற்றலாம். அதற்கு அந்த லைனிலும் நிலையான முகவரி ஒன்று வேண்டும், டி.என்.எஸ். பதிவின் டி.டி.எல். (இங்கே, பதிவைப் பிறர் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாக முன்கூட்டியே குறைக்கப்பட்டிருக்க வேண்டும். வி.பி.என்.க்கு அந்த இரண்டாவது முகவரியை மாற்று முனையாகச் சேர்க்கும்படி வாடிக்கையாளரின் குழுவுக்கு இப்போதே எழுதிவிடுங்கள். அவர்கள் பக்கத்தில் ஒப்புதல் கிடைக்கத்தான் நாளாகும்.